இடி விழுந்தது தீர்ப்பு அல்ல

ஏப்ரல் சீசனுக்கு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து வேன் பிடித்து நுவரெலியா போய் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கதையைச் சொல்கிறார்கள். கோல்ஃப் திடல் பக்கத்துப் பழைய மயானத்தில், ஆயிரத்துக்கு மேல் யானை சுட்ட வெள்ளைக்காரன் கிடக்கிறானாம். இடி விழுந்து செத்தானாம். பாவம் தீராததால் கல்லறையிலும் வருஷாவருஷம் இடி விழுகிறதாம். ஆசிரியர்களே பிள்ளைகளுக்கு இதைப் பாடம்போலச் சொல்வதுதான் பொறுக்க முடியாதது.

நம்பிக்கை: யானைகளைக் கொன்ற பாவத்துக்கு அந்த வெள்ளைக்காரன் மேஜர் ரோஜர்ஸை இடி தண்டித்தது.

உண்மை: அவர் 1845 ஜூனில் அப்புத்தளை வாடிவீட்டில் இடி விழுந்து இறந்தது மெய். 1,400 யானைகளுக்கு மேல் சுட்டார் என்று அக்காலத்தில் இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். அதே இடத்தில் இன்னும் இருவரையும் குறிப்பிடுகிறார்: கப்டன் கோல்வே அதில் பாதிக்கு மேல், வீதிகள் ஆணையாளர் ஸ்கின்னர் ஏறக்குறைய அவ்வளவு. ஸ்கின்னர் எழுபது வயது தாண்டி 1877இல்தான் இறந்தார். இலங்கை வேட்டையைப் புத்தகமாகவே எழுதிய சாமுவேல் பேக்கர் 'சேர்' பட்டம் பெற்று, 72 வயதில் தன் வீட்டில் கண்மூடினார். தண்டனை என்றால் இவர்களுக்கும் வந்திருக்க வேண்டும்.

மின்னல் உயர்ந்த இடத்தையும் தனித்த மரத்தையும் நாடும். பாவ புண்ணியம் பார்க்காது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுவதும் இயல்பே. நியூயோர்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 20 தடவை விழுகிறது.

இந்தக் கதை செய்யும் பெருந்தீங்கு, பெரிய குற்றவாளியைத் தப்பவிடுவது. யானைத் தலைக்குச் சன்மானம் கொடுத்தது பிரித்தானிய அரசாங்கம். 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குப் பணம் கோரப்பட்டது. 1851 முதல் 1856 வரை காலிக்கும் அம்பாந்தோட்டைக்கும் இடையில் 2,000 யானைகளுக்குக் கொடுக்கப்பட்டது. ரோஜர்ஸ் மண்ணுக்குள் போன பிறகும் துப்பாக்கி ஓயவில்லை. ஆசிரியர்களே, வகுப்பில் சொல்ல வேண்டிய கணக்கு இது.

நம்பிக்கை: எல்லாம் தந்தத்துக்காக.

உண்மை: இலங்கை யானைகளில் நூற்றுக்கு ஒன்றுக்குக்கூடத் தந்தம் இல்லை என்கிறார் டெனன்ட். சுட்டது பொழுதுபோக்குக்கும் சன்மானத்துக்கும்.

நம்பிக்கை: வெள்ளைக்காரன் வருமுன் யானைகளை யாரும் தொடவில்லை.

உண்மை: அரசர்கள் பிடித்து விற்றார்கள். வன்னி யானைகள் ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணம் வந்து, இந்தியாவுக்குக் கப்பலேறின.

நம்பிக்கை: அதெல்லாம் பழைய காலம்.

உண்மை: 2025 பிப்ரவரியில் கல்ஓயா அருகே மட்டக்களப்பு–கொழும்பு ரயில் மோதி 6 யானைகள் இறந்தன. அது நாம் ஊருக்குப் போய்வரும் பாதை. யானைகள் கடக்கும் பகுதிகளில் இரவு ரயில்கள் வேகத்தைக் கட்டாயம் குறைக்க வேண்டும். அதனால் கொழும்பு கோட்டை நிலையத்துக்கு வந்துசேரச் சுணங்கினால் சாரதியையோ கார்டையோ ஏசாதீர்கள். வேகத்தைக் குறைக்காத ரயில் பற்றித்தான் முறைப்பாடு எழுத வேண்டும்.