20 கிராம் புரதத்துக்கு என்ன விலை?

கேள்வி: எனக்கு வயது 47, எடை 70 கிலோ. போன வருடம் சர்க்கரை இருப்பது தெரியவந்தது. தினமும் மாத்திரை போடுகிறேன், மூன்று மாதச் சராசரி 7.4. சோறு, இட்லியைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டச் சொல்லியிருக்கிறார்கள். என் நாத்தனார் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினார். 100 கிராமுக்குப் புரதம்: மீல் மேக்கர் 52, பாசிப்பயறு 24, கோழி 23, துவரம்பருப்பு 22, பாதாம் 21, பனீர் 18, முட்டை 13. முட்டையைவிடப் பயறில் இரண்டு மடங்கு இருக்கிறதே என்று காலையில் ஒரு கிண்ணம் வேகவைத்த பயறு, மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், நடுவில் பசித்தால் பாதாம் என்று மாறிவிட்டேன். இரண்டு மாதமாகியும் சர்க்கரையும் எடையும் பெரிதாக இறங்கவில்லை. எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி, சனி சைவம். மற்ற நாட்களில் எல்லாம் உண்டு. எங்கே தப்பு?
– வாசகி, தேனி

பதில்: நாத்தனார் அனுப்பியதில் ஒரு எண்கூடப் பொய்யில்லை. உங்களைக் குழப்பியது, அந்த எண்கள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கியதுதான்.

பயறுக்குப் போட்டிருக்கும் 24 கிராம், மளிகைக் கடையில் நிறுத்து வாங்கும் காய்ந்த பயறின் கணக்கு. அதை யாரும் அப்படியே மெல்லப் போவதில்லை. 100 கிராம் பயறு ஊறி வெந்து இறங்கும்போது 300 கிராமுக்கு மேல் ஆகிவிடும். கூடியது தண்ணீர்தான், புரதம் அதே 24. ஆக, உங்கள் கிண்ணத்தில் இருக்கும் வெந்த பயறில் 100 கிராமுக்குப் புரதம் 7 கிராம் சொச்சம்தான். முட்டைக்குள் முக்கால் பங்கு தண்ணீர் ஏற்கெனவே இருக்கிறது. அவித்தாலும் அதன் 13 பெரிதாக மாறாது. கோழியில் கதை தலைகீழ். பச்சை நெஞ்சுக்கறியில் 23. அடுப்பில் தண்ணீர் வற்றி எடை குறைவதால் வெந்தபின் 31. பச்சை நெத்திலியைவிட நெத்திலிக் கருவாட்டில் புரதம் அதிகம் என்று சொல்வதும் இதே கணக்குதான். மீன் அதேதான், தண்ணீர் போய்விட்டது, உப்பு சேர்ந்திருக்கிறது.

முருங்கை இலைப் பொடி விற்பவர்களுக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும். ‘100 கிராமில் 27 கிராம் புரதம்’ என்று டப்பாவில் பெரிதாகப் போடுவார்கள். ஒரு நாளைக்கு நீங்கள் போடப்போவது ஒரு தேக்கரண்டி. அதில் வருவது ஒன்றரை கிராம்கூட இல்லை. முருங்கை நல்ல கீரை, பொரியல் செய்து சாப்பிடுங்கள். புரதத்துக்காகப் பொடி வாங்காதீர்கள்.

மாவுச்சத்தைக் குறைப்பவர்களுக்கு இதைவிட முக்கியமான விஷயம், அந்தப் புரதத்தோடு கூடவே என்ன வருகிறது என்பது. 100 கிராமுக்கு எவ்வளவு புரதம் என்று கேட்காமல், ஒரு வேளைக்குத் தேவையான 20 கிராம் புரதம் கிடைக்க எவ்வளவு சாப்பிட வேண்டும், அதற்கு எவ்வளவு மாவுச்சத்தும் கொழுப்பும் விலையாகக் கொடுக்கிறோம் என்று கேட்டுப் பாருங்கள். பட்டியலின் வரிசையே மாறிவிடும்.

மூன்று முட்டை: 19 கிராம் புரதம், மாவுச்சத்து ஒன்றிரண்டு கிராம், 215 கலோரி. வெந்த கோழி நெஞ்சுக்கறி 65 கிராம் போதும்; மாவுச்சத்து கிடையாது. மத்தி, சங்கரா போன்ற மீன்களும் ஏறத்தாழ இப்படித்தான். குழம்புக் கோழி என்றால் எலும்பைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

பயறில் அதே 20 கிராம் வேண்டுமென்றால் 280 கிராம் சாப்பிட வேண்டும். அது பெரிய கிண்ணம். நார்ச்சத்தைக் கழித்தபின்பும் 33 கிராம் மாவுச்சத்து உள்ளே போகும், அதாவது 120 கிராம் சோற்றுக்குச் சமம். சோறு ஏற்றும் வேகத்தில் பயறு சர்க்கரையை ஏற்றாது; நார்ச்சத்தும் வயிற்றுக்கு நல்லது. ஆனால் நீங்கள் எண்ணுவது மாவுச்சத்தை. காலைக் கிண்ணம் 200 கிராம் என்று வைத்துக்கொண்டால் 23 கிராம். மாலைச் சுண்டல் ஒரு கிண்ணத்தில் 32 கிராம். இரண்டும் சேர்ந்து 55 கிராம் மாவுச்சத்து, 28 கிராம் புரதம். இட்லியை வாசல் வழியாக அனுப்பிவிட்டுச் சுண்டலைக் கொல்லைப்புறம் வழியாக அழைத்து வந்திருக்கிறீர்கள்.

பாதாமுக்கு வேறு விலை. 20 கிராம் புரதத்துக்கு 95 கிராம் பாதாம் வேண்டும். அதோடு 47 கிராம் கொழுப்பும் 550 கலோரியும் வரும். தமிழ்நாட்டில் பேலியோ பரவிய நாட்களில் ‘காலையில் 100 பாதாம்’ என்பது பிரபலமானது. அது கிட்டத்தட்ட 120 கிராம், 700 கலோரி. அவர்கள் அதை ஒரு வேளை உணவாகவே சாப்பிட்டார்கள், அதற்கு மேல் இட்லியும் இல்லை, பயறும் இல்லை. நீங்கள் பயறுக்கும் சுண்டலுக்கும் நடுவே கொறிக்கிறீர்கள். எடை இறங்காததற்குக் காரணம் அங்கேதான் இருக்கும். சொல்லப்போனால் நம் வேர்க்கடலையில் 100 கிராமுக்கு 25 கிராம் புரதம், பாதாமைவிடக் கூடுதல். விலை குறைவு என்பதாலோ என்னவோ, டயட் பட்டியல்களில் அதற்கு இடமே கிடைப்பதில்லை. கலோரி அதிலும் அதிகம்தான். ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள்.

பனீர் பாலிலிருந்து வருகிறது, பாலில் சர்க்கரை இருக்கிறதே என்று சிலர் தயங்குவார்கள். ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 32 கிராம் புரதமும் 47 கிராம் பால்சர்க்கரையும் உண்டு. கொதிக்கும் பாலில் எலுமிச்சை பிழிந்ததும் திரண்டு வருவது புரதமும் கொழுப்பும். துணியில் வடிகட்டும்போது கீழே இறங்கும் பச்சை கலந்த மஞ்சள் தண்ணீரோடு பால்சர்க்கரையில் பெரும்பகுதி போய்விடும். அதனால்தான் 20 கிராம் புரதத்துக்கு ஒரு லிட்டரில் பாதிக்கு மேல் பால் குடித்தால் 30 கிராம் சர்க்கரை சேரும். 110 கிராம் பனீரில் இரண்டு முதல் ஐந்து கிராமுக்குள் முடிந்துவிடும். கொழுப்பு 20 கிராமுக்கு மேல் வரும் என்பதால் அதை நெய்யில் பொரிக்காமல் தவாவில் லேசாக வாட்டினால் போதும். தயிரையும் இரவு முழுக்கத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் இதே வேலை நடக்கும்: சர்க்கரை தண்ணீரோடு வடியும், மிச்சமிருப்பதில் புரதம் செறிவாகும்.

மீல் மேக்கர் சைவ நாட்களுக்கு நல்ல வழி. காய்ந்தது 40 கிராம் எடுத்தால் 20 கிராம் புரதம் கிடைத்துவிடும். நார்ச்சத்து போக மாவுச்சத்து எட்டு கிராம், கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். ஊறினால் 100 கிராமுக்கு மேல் வரும். வெந்நீரில் போட்டு, நன்றாகப் பிழிந்து, மறுபடி ஊறவைத்துப் பிழிந்தால் அந்தச் சோயா வாடை அடங்கும். தைராய்டு மாத்திரை போடுபவர் என்றால், மாத்திரைக்கும் சோயாவுக்கும் நடுவே சில மணி நேர இடைவெளி விடுங்கள்.

சாம்பாரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்தக் கேள்வி எப்படியும் வரும். நாலு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டுச் சாம்பார் வைத்தால் ஆளுக்கு ஐந்தரை கிராம் புரதம். ரசத்தில் தேட வேண்டாம்.

இன்னொரு விஷயத்தையும் பட்டியல் சொல்லாது. பருப்பில் மெத்தியோனைன் என்ற அமினோ அமிலம் குறைவு, லைசின் தாராளம். அரிசியில் நேர் எதிர். இட்லியிலும் பொங்கலிலும் இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது தீர்த்துவைக்கிறது. நீங்கள் சோற்றை நிறுத்திவிட்டுப் பருப்பை மட்டும் வைத்துக்கொண்டால் அந்த ஜோடி பிரிகிறது. அரிசியின் இடத்தில் முட்டை, தயிர், பனீர் ஏதாவது ஒன்று இருந்தால் கவலையில்லை. பயறுச் சுண்டலில் கொஞ்சம் எள்ளுப்பொடி தூவினாலும் உதவும்; எள்ளில் மெத்தியோனைன் உண்டு.

எண்களை நீங்களே சரிபார்ப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையில் மாவுச்சத்து என்று போட்டிருப்பது நார்ச்சத்தைக் கழித்த பிறகு வரும் எண். அமெரிக்க அட்டவணையில் நார்ச்சத்தும் அதற்குள் அடக்கம். அங்கிருந்து ஒன்று, இங்கிருந்து ஒன்று என்று எடுத்தால், ஏற்கெனவே கழித்ததை இன்னொரு தடவை கழித்துவிடுவீர்கள். முளைகட்டிய பயறில் மாவுச்சத்தே இல்லை என்று சில வீடியோக்கள் சொல்வது இப்படியும் வந்திருக்கலாம்.

உங்கள் தேவை எவ்வளவு? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை, நாளொன்றுக்குக் கிலோவுக்கு 0.83 கிராம். 70 கிலோவுக்கு 58 கிராம். எடை குறைக்கும்போது தசை கரையாமலிருக்க 70 வரை போகலாம். மூன்று வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 20 முதல் 25 கிராம்தான். அசைவ நாட்களில் காலையில் மூன்று முட்டை, மதியம் மீனோ கோழியோ காய்கறியோடு, இரவு பனீர் என்றால் முடிந்தது. செவ்வாய், வெள்ளி, சனியில் காலையில் வடித்த தயிரும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும், மதியம் மீல் மேக்கர், இரவு பனீர். பயறை விட்டுவிட வேண்டாம். அரைக் கிண்ணமாகக் குறைத்துச் சோற்றின் இடத்தில் வையுங்கள், முட்டையின் இடத்தில் வேண்டாம்.

என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. கிளிமிபிரைடு போன்றது என்றால், மாவுச்சத்தைச் சட்டென்று குறைக்கும்போது சர்க்கரை தாழ்ந்து படபடப்பு, வியர்வை வரலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை என்றால், மாவுச்சத்தை மிகவும் குறைக்கும்போது இரத்தம் அமிலமாகும் ஆபத்து, சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே வரக்கூடும். சாப்பாட்டை மாற்றும் முன் மாத்திரைச் சீட்டோடு உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஹாஸ்டலில் இருக்கிறேன். லோ கார்ப் டயட்டுக்கு வே புரோட்டீன் வாங்குவதா, தினமும் முட்டையே போதுமா?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: ஒரு கரண்டி வே பவுடர் 30 கிராம் என்றால் அதில் 24 கிராம் வரை புரதம் இருக்கும், நாலு முட்டைக்குச் சமம். பாலில் கலக்காமல் தண்ணீரில் கலந்தால் மாவுச்சத்தும் குறைவு. தரமானதாக இருந்தால் தப்பில்லை, அவசியமும் இல்லை. ஹாஸ்டலில் கெட்டில் வைத்திருக்கிறீர்கள்தானே? நாமக்கல் முட்டை கோவையில் கிடைக்காத நாள் ஏது! ‘மாஸ் கெய்னர்’ என்று எழுதிய டப்பாவை மட்டும் தொடாதீர்கள். அதில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான்.

கேள்வி: வயது 61. சர்க்கரையோடு கிரியேட்டினின் 1.6 இருக்கிறது. மகன் லோ கார்ப்பில் 12 கிலோ குறைத்தான். தினமும் ஆறு முட்டையும் கோழியும் சாப்பிடு அப்பா என்கிறான். சாப்பிடலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: வேண்டாம். உங்கள் வயதில் கிரியேட்டினின் 1.6 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 50க்கும் கீழே இருக்க வாய்ப்பு அதிகம். இந்த நிலையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பதுதான் 2024இல் வந்த சர்வதேசச் சிறுநீரக வழிகாட்டுதல், 1.3க்கு மேல் போகவே கூடாது என்கிறது. 65 கிலோ எடை என்றால் 52 கிராம். ஆறு முட்டையிலேயே 38 போய்விடும், அதற்கு மேல் கோழியும் என்றால் கணக்கு எங்கோ போகும். சோற்றைக் குறைப்பதில் மகனோடு எனக்குச் சண்டையில்லை, அந்த இடத்தைக் கறியால் நிரப்புவதில்தான். இரண்டு முட்டை, கொஞ்சம் மீன், மிச்சத்துக்குக் காய்கறி என்று வைத்துக்கொள்ளலாம். பொட்டாசியம் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு எந்தக் காய் என்று சிறுநீரக மருத்துவர் சொல்லட்டும். அவரிடம் போகும்போது சிறுநீரில் ஆல்புமின் எவ்வளவு போகிறது என்ற பரிசோதனையையும் எடுத்துக்கொண்டு போங்கள். மகனையும் கூட அழைத்துப் போனால் நல்லது.