குழந்தையின் விடாத இருமல்

நூல் அறுந்தால் முடிந்து நெய்கிறோம். அதே இடத்தில் மீண்டும் மீண்டும் அறுந்தால், விழுதையும் அச்சையும் சோதிக்கிறோம். குழந்தையின் இருமலையும் இவ்வாறே கருதுதல் வேண்டும். இருமல் தனியொரு நோயன்று. மூச்சுக் குழாயைத் துப்புரவு செய்ய உடல் மேற்கொள்ளும் வழியேயாகும். ஜலதோஷத்தால் வந்த இருமல் நாளுக்கு நாள் குறைந்து தானே தணியும். 2 வாரங்கள் கடந்தும் குறையாவிடில், வைத்தியரிடம் காட்டிக் காரணத்தை அறிவது அவசியம்.

காரணங்கள் பல. வீட்டில் காசநோய் உடையவர் இருப்பினும், குழந்தையின் எடை ஏறாது நிற்பினும், காசநோய்ச் சோதனை செய்விக்க வேண்டும். அரசாங்க மருத்துவமனைகளில் சோதனையும் சிகிச்சையும் இலவசம். தொடர்ந்து இருமி, முடிவில் மூச்சை இழுத்து வாந்தி எடுப்பது கக்குவானாக இருக்கலாம். அதற்கான தடுப்பூசியை 6, 10, 14-ஆம் வாரங்களிலும், பின்னர் ஒன்றரை வயதிலும் 5 வயதிலும் தவறாது போடுவித்தல் நலம். இரவிலும் விடியலிலும் மிகும் இருமல் இழுப்பு நோயின் அறிகுறியாகலாம். விறகுப் புகை, பீடிப் புகை, பஞ்சுத் தூசி, பதர்த் தூசி ஆகியவை அதனை வளர்க்கும். நிலக்கடலை தின்னும்போது திடீரெனப் புரையேறித் தொடங்கிய இருமலாயின், துணுக்கு மூச்சுக் குழாயில் தங்கியிருக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்குச் செல்க.

கடையில் கேட்டு வாங்கும் இருமல் மருந்து இவற்றுள் எதனையும் போக்காது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தில், நச்சு கலந்த இருமல் மருந்தை அருந்திய குழந்தைகள் சிறுநீரகம் பழுதுற்று மாண்டதை நாம் மறத்தலாகாது. இளங்குழந்தைகளுக்கு வைத்தியர் சொல்லாமல் எம்மருந்தும் தரலாகாது. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும். வளர்ந்த குழந்தைக்கு வெதுவெதுப்பான நீர் தரலாம். 1 வயது நிரம்புமுன் தேன் கொடுத்தல் ஆபத்து.

மூச்சை எண்ணுதலை ஒவ்வொரு தாயும் தந்தையும் கற்க வேண்டும். குழந்தை அழாதிருக்கையில், மார்பைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதும் எண்ணுக. 2 மாதத்திற்குட்பட்ட சிசுவுக்கு 60, 1 வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேலிருப்பின் அன்றே வைத்தியரிடம் காட்டுக. விலா எலும்புகளின் கீழே மார்பு உள்வாங்கினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் சிறிதும் தாமதியாது 108-ஐ அழைக்க வேண்டும்.

தறியைப் பிறகு ஓட்டலாம். களையைப் பிறகு பறிக்கலாம். மூச்சுத் திணறும் குழந்தைக்கு நாளை என்று தவணை கூறலாகாது என்பதை அங்கத்தினர்களுக்கு வலியுறுத்துகிறோம்.