கேரட் தின்கிறது, சொன்ன பேச்சு கேட்பதில்லை!

கேள்வி: எனக்கு வயது 41. சில மாதங்களாகக் குதிரையேற்றம் கற்றுவருகிறேன். மாஸ்டர் ஏறினால் சிட்டாக நடக்கிற குதிரை, நான் ஏறினால் நட்டுவைத்த கல்லாக நிற்கிறது. போகும்போதெல்லாம் கேரட், வெல்லம் கொடுக்கிறேன். தின்றுவிட்டு மறுபடி அதே கதைதான். அதற்கு என்னைப் பிடிக்கவில்லையா? சொந்தமாக ஒன்று வாங்கினால் பழகிவிடுமா? ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போகலாமென்று இருக்கிறேன்.
- ஒரு வாசகி, கோவை

பதில்: பிடிக்காமல் என்ன! நீங்கள் சொல்வது அதற்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

நகரச் சொல்லி இரண்டு காலாலும் விலாவை அழுத்துகிறீர்கள், சரி. அது ஓர் அடி எடுத்து வைத்ததும் அழுத்தத்தை விடுகிறீர்களா? புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் விடுவதில்லை. நின்றுவிடுமோ என்று குதிகாலால் இடித்துக்கொண்டே இருப்பார்கள். விழுந்துவிடுவோமோ என்று கடிவாள வாரையும் இழுத்துப் பிடிப்பார்கள். கால் 'போ' என்கிறது, கை 'நில்' என்கிறது. அழுத்தம் விலகுவதுதான் குதிரைக்குக் கூலி. நடந்தாலும் உதை, நின்றாலும் உதை என்றால் நிற்பதே லாபம் என்று அது முடிவு கட்டிவிடும். பலரையும் ஏற்றி இறக்கும் பள்ளிக் குதிரைக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். லேசாக அழுத்துங்கள், அசைந்த அந்தக் கணமே காலைத் தளர்த்துங்கள். மாஸ்டர் செய்வதும் இதுதான். வெளியே தெரியாத அளவுக்குச் செய்கிறார்.

குதிரை நம்மை எவ்வளவு நுணுக்கமாகக் கவனிக்கும் என்பதற்கு பெர்லினில் இருந்த ஹான்ஸைத்தான் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வில்ஹெல்ம் ஃபொன் ஓஸ்டன் வளர்த்த குதிரை. கூட்டல், கழித்தல் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் அதைச் சோதித்து 1907-இல் குட்டை உடைத்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸ் தோற்றது. கேட்பவரைப் பார்க்க முடியாவிட்டாலும் தோற்றது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை அவரையறியாமல் இம்மியளவு அசையும். அதைப் பார்த்துத்தான் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது! வாத்தியார் ஏமாற்றுக்காரர் இல்லை. அவருக்கே இது தெரியாது. என்னைக் கேட்டால், கணக்குப் போடுவதைவிட இதுதான் பெரிய வித்தை. இப்பேர்ப்பட்ட பிராணியின் முதுகில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் உங்கள் பயம் அதற்குத் தெரியாமலா போகும்?

கேரட்டை நிறுத்த வேண்டாம், வாளியில் போடுங்கள். கையில் தின்று பழகியது பையைத் துழாவும், அப்புறம் கடிக்கும். பழக வேண்டுமானால் வகுப்புக்கு அரைமணி முன்னதாகப் போய், குதிரைக்காரரைக் கேட்டுக்கொண்டு உடம்பு தேய்த்துவிடுங்கள். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது. தோள்பக்கமாக, பேசிக்கொண்டே நெருங்குங்கள். பிடரிமயிர் முடிகிற தோள்மேட்டில் விரலால் சொறியுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பு குறைவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். சரியான இடம் அகப்பட்டால் மேலுதடு நீண்டு துடிக்கும், தலை தாழும். கழுத்தில் பட்பட்டென்று தட்டிக்கொடுப்பதில் நமக்குத்தான் திருப்தி. காதிரண்டும் பின்னால் ஒட்டிப் படுத்தால் கையை எடுத்துவிடுங்கள்.

அந்தியூருக்குத் தாராளமாகப் போங்கள். குருநாதசாமி கோயில் திருவிழாவில் கத்தியவாரிக் குதிரைகளின் காதுகள் உள்நோக்கி வளைந்து நுனியோடு நுனி தொடும் அழகைப் பாருங்கள். வாங்காமல் திரும்புங்கள். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 8 கிலோ காய்ந்த புல் வேண்டும். ஆறேழு வாரத்துக்கொருமுறை குளம்பு சீவ வேண்டும். 25 வருஷம் வாழும். தனியாகக் கட்டிவைத்தால் ஏங்கிப்போகும். வாந்தியெடுக்க முடியாத பிராணி. வயிற்றுவலி முற்றினால் உயிருக்கே ஆபத்து. வாங்கியே தீருவேன் என்றால், நடுராத்திரியில் கூப்பிட்டால் வரக்கூடிய, குதிரை பார்த்துப் பழகிய கால்நடை டாக்டர் உங்கள் பக்கத்தில் யார் என்று முதலில் விசாரித்து வையுங்கள்.