ஃபைபர் மக்காது என்று யார் சொன்னது?

நம்பிக்கை: ஃபைபர் படகு மக்காது. எத்தனை வருஷம் கரையில் கிடந்தாலும் பெயின்ட் அடித்தால் புதுசுதான்.

உண்மை: இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்தாலே புதுச்சேரியின் தேங்காய்த்திட்டிலும் வீராம்பட்டினத்திலும் பழைய படகுகள் கைமாறும். நெல்லித்தோப்பு டீக்கடை வரை இதே பேச்சு. நகையை அடகு வைத்துப் படகு வாங்குகிறவர் இதை நம்பலாமா?

கண்ணாடி இழை மக்காதுதான். ஆனால் படகு வெறும் இழையா? இழையைப் பிடித்து வைத்திருப்பது ரெசின். இன்ஜின் மாட்டும் பின்பலகைக்குள் பெரும்பாலும் பிளைவுட். மிதப்பு அறைகளில் தெர்மாகோலோ ஃபோமோ இருக்கும். ரெசினுக்குள் தண்ணீர் மெல்ல ஊறும், பிளைவுட் உளுத்துப்போகும், ஃபோம் தண்ணீரைக் குடித்துக் கனக்கும்.

கடலில் ஓடுகிற படகைவிடக் கரையில் கைவிட்ட படகு சீக்கிரம் கெடுவதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் மாதக்கணக்கில் உள்ளே தேங்கும். உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர்தான் ரெசினுக்குள் எளிதாக இறங்கும். மரத்தில் பூஞ்சையும் அதில்தான் செழிக்கும். மேலே வெயில், ஜெல்கோட் என்கிற மேற்பூச்சைச் சுண்ணாம்பாக்கும். கையால் தடவினால் வெள்ளை மாவு ஒட்டும்.

ஃபைபர் வேலை தெரிந்தவன் சொல்கிறேன், முதலில் காதைத் தீட்டுங்கள். சின்னச் சுத்தியலால் ஏரா என்கிற அடிக்கட்டையிலிருந்து மேலே ஜாண் ஜாணாகத் தட்டுங்கள். நல்ல இடம் ‘டண்’ என்று கணீரென ஒலிக்கும். அடுக்கு பிரிந்த இடம் ‘டொப்’ என்று அமுங்கும். அடிப்பக்கம் கொப்புளம் இருந்தால் விற்பவரிடம் கேட்டுக்கொண்டு ஒன்றைக் குத்திப் பாருங்கள். காடி வாசத்தோடு நீர் கசிந்தால் ரெசின் உள்ளுக்குள் கெட்டிருக்கிறது. பின்பலகையில் ஒரு போல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். துளையில் ஈரமோ கறுத்த மரத்தூளோ வந்தால் பேரத்தை அங்கேயே நிறுத்துங்கள். கழற்ற விடமாட்டேன் என்கிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

2004 சுனாமிக்குப் பின் அவசரத்தில் கட்டிக் கொடுத்த படகுகள் எல்லாம் ஒரே தரமில்லை. அந்தக் காலத்துப் படகு என்றால் இரண்டு மடங்கு தட்டிப் பாருங்கள்.

நம்பிக்கை: கனமாக இருந்தால் உறுதி.
உண்மை: தண்ணீர் குடித்த படகும் கனக்கும்.

நம்பிக்கை: புது பெயின்ட் அடித்திருந்தால் நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள்.
உண்மை: விரிசலை மறைக்கப் பெயின்டைவிட மலிவான வழி கிடையாது.

நம்பிக்கை: இன்ஜின் கரையில் ஸ்டார்ட் ஆனால் போதும்.
உண்மை: பாரத்தோடு தண்ணீரில் அரைமணி ஓடட்டும். சூடேறுகிறதா, புகை மாறுகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

நம்பிக்கை: பதிவை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.
உண்மை: 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு படகுப் பதிவில் கெடுபிடி அதிகம். பதிவு எண்ணும் இன்ஜின் எண்ணும் புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் ஒரு ரூபாய் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, அரசுக்கு ஒன்று. ஓடத் தகுதியில்லாத படகுகள் முகத்துவாரத்திலும் மணலிலும் உடைந்து கிடக்கின்றன. சிலர் கொளுத்துகிறார்கள், அந்தப் புகை குழந்தைகளின் நுரையீரலுக்குப் போகிறது. அடுக்கு பிரிந்த படகு கடலுக்கு உதவாது, ஆனால் குப்பையாகத் தலைமுறைகளுக்குக் கிடக்கும். துறைமுகத்திலேயே பழைய படகுகளை வாங்கி அறுத்து அகற்ற ஓர் இடம் வேண்டும்; கொண்டுவந்து ஒப்படைக்கிறவருக்குக் கையில் கொஞ்சம் பணமும் தர வேண்டும். அப்படி ஒரு வழி இருந்தால், செத்த படகுக்குப் பெயின்ட் அடித்து இன்னொரு மீனவர் தலையில் கட்ட யாருக்கும் தேவை இருக்காது.