ஸ்விட்சில் முறை மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

இன்று சிறிய மளிகைக் கடையில்கூட பில் போடும் கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா பெட்டி, வைஃபை என நாலைந்து கருவிகள் வந்துவிட்டன. இவற்றின் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் சிறு பெட்டிதான் நெட்வொர்க் ஸ்விட்ச். நம் கடன் பாக்கி, கொள்முதல் விலை, அன்றாட விற்பனை எல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகின்றன. ஆகவே வணிகர்களாகிய நாம் அதைப் பற்றி ஓரளவாவது தெரிந்துகொள்வது அவசியம்.

வீ-லேன் என்றால் என்ன?

கிட்டங்கி ஒன்றுதான். ஆனாலும் மிளகாயையும் சர்க்கரையையும் சேர்த்து அடுக்க மாட்டோம். நடுவே தடுப்பு வைப்போம். அதுபோல ஒரே ஸ்விட்சுக்குள் போடும் தடுப்புக்குத்தான் வீ-லேன் என்று பெயர். பில்லிங்குக்கு ஓர் அறை, கேமராவுக்கு ஓர் அறை, வாடிக்கையாளர் வைஃபைக்கு ஓர் அறை. ஓர் அறையில் இருப்பவர் அடுத்த அறையை நேராக எட்ட முடியாது. செட்டிங் செய்யக்கூடிய ஸ்விட்சில்தான் இந்த வசதி உண்டு.

இரண்டு முறைகள்

முதலாவது போர்ட் முறை. எந்த வாசலில் வந்ததோ அதை வைத்து அறை தீர்மானமாகும். ஒரே ஸ்விட்ச் என்றால் இது போதும். கிட்டங்கியில் இன்னொரு ஸ்விட்ச் வைத்து, ஒரே கேபிளால் இணைத்தால் இது உதவாது.

இரண்டாவது 802.1க்யூ முறை. 1998இல் வெளியான தரம் இது. கேபிளில் போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் 4 பைட் அளவுக்கு ஒரு குறி சேர்க்கப்படும். அறை எண் 1 முதல் 4094 வரை இருக்கலாம். பல கடைகளின் சரக்கை ஒரே லாரியில் ஏற்றி, மூட்டைக்கு மூட்டை மார்க் போட்டு அனுப்புகிறோம் அல்லவா, அதே ஏற்பாடுதான். கம்ப்யூட்டரும் பிரிண்டரும் பொதுவாகக் குறி போடாமலே அனுப்பும். மார்க் இல்லாத மூட்டையை எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். அந்த எண்தான் பி.வி.ஐ.டி.

அபாயம் எங்கே?

சிறு ஸ்விட்சுகள் பலவற்றில் ஒரு நேரத்தில் ஒரு முறைதான் இயங்கும். முறையை மாற்றினால் பழைய வீ-லேன் செட்டிங் அழிந்துவிடும். நெட்கியர் போன்ற ஸ்விட்சுகளில் இதைப் பற்றி எச்சரிக்கை திரையில் வரும். படிக்காமல் 'சரி' என்று அழுத்திவிடுபவர்களே அதிகம்.

அழிந்த பிறகு எல்லாப் போர்ட்டுகளும் 1ஆம் எண் அறையில் ஒன்றாகச் சேர்ந்துவிடும். பில் ஓடும், கேமரா தெரியும், இன்டர்நெட்டும் வரும். ஆனால் கடை வைஃபையில் சேர்ந்த எவரும் நம் பில்லிங் கம்ப்யூட்டர் இருக்கும் அறையிலேயே நிற்பார். பில் ஓடுகிறது என்பதால் தடுப்பு நிற்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. இந்தப் பாடத்தின் சாரமே இதுதான்.

செய்ய வேண்டியவை

1. மாற்றும் முன் போர்ட் வாரியாக எழுதிக்கொள்ள வேண்டும். உதாரணமாக: போர்ட் 2, பில்லிங் கம்ப்யூட்டர், அறை 10, குறி இல்லை, பி.வி.ஐ.டி. 10. போர்ட் 8, கிட்டங்கி கேபிள், அறைகள் 10, 20, 30, குறி உண்டு.

2. பழைய செட்டிங்கை ஃபைலாகச் சேமித்து வைக்க வேண்டும். திரும்பவும் பழைய முறைக்கே போக நேர்ந்தால் அது கைகொடுக்கும்.

3. கடை சாத்திய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். பண்டிகை நாட்களில் கூடவே கூடாது.

4. புதிய அறையில் சேர்த்தால் மட்டும் போதாது. பி.வி.ஐ.டி.யை மாற்றி, 1ஆம் அறையிலிருந்து அந்தப் போர்ட்டை நீக்கவும் வேண்டும். எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செட்டிங் செய்கிறோமோ, அதன் போர்ட்டைக் கடைசியில்தான் தொட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்விட்சுக்குள் போகும் வழி நமக்கே அடைபடலாம்.

5. எல்லா அறைகளும் ஒரே கேபிளில் ரூட்டருக்குப் போவதானால், ரூட்டருக்கும் குறியைப் படிக்கத் தெரிய வேண்டும். அறைக்கு அறை போக ரூட்டரில் வழி திறந்திருந்தால் ஸ்விட்சில் போட்ட தடுப்பு வீண்.

6. முடிந்ததும் வாடிக்கையாளர் வைஃபையில் ஒரு போனைச் சேர்த்து, கேமரா பெட்டியையும் பிரிண்டரையும் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால் தடுப்பு இல்லை என்று பொருள். பிறகு ஸ்விட்சை ஒருமுறை அணைத்துப் போட்டு, மறுபடியும் இதே சோதனையைச் செய்ய வேண்டும்.

பெரிய மண்டிகளில் உள்ள சிஸ்கோ ஸ்விட்சுகளில் விஷயம் சற்று வேறு. அங்கே ஒரு போர்ட்டை 'அக்சஸ்' நிலையிலிருந்து 'ட்ரங்க்' நிலைக்கு மாற்றினால், நாம் வரையறுக்காத வரை எல்லா அறைகளின் தகவலும் அதில் போகும். தேவையான எண்களை மட்டும் அனுமதிக்க வேண்டும். செய்ததைச் சேமிக்காவிட்டால் கரண்ட் போய் வந்ததும் பழைய நிலையே திரும்பும்.

வேலையை ஆள் வைத்துச் செய்யலாம். ஆனால் எழுதிய தாளும் பாஸ்வேர்டும் கணக்குப் புத்தகத்தோடு முதலாளி கையில் இருக்க வேண்டும். ஆறாவது சோதனையை மட்டும் நம் கண்முன்னே செய்து காட்டச் சொல்லி, அதன் பிறகே கூலி கொடுப்போம்.