மலைப் பாதைக்கு ஏற்ற சரக்கு வண்டி

கல்வராயன் மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கு, பறித்த இரண்டு மூன்று நாட்களிலேயே கெடத் தொடங்கும். ஆகவே, வழியில் வண்டி நின்றுவிட்டால் குடியானவருக்கு இரட்டை நஷ்டம்.

பழைய டீசல் எஞ்சினை ஊர் மெக்கானிக்கே ஸ்பேனர் கொண்டு சீர்செய்வார். ஆனால் அதற்கு எண்ணெய்ச் செலவு அதிகம். ‘காமன் ரெயில்’ எஞ்சினோ, காற்றழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் டீசலை நுண்துளிகளாகத் தெளித்துச் சிக்கனம் அளிக்கிறது. எனினும் சிறு தூசியும் நீரும் அதன் நுண்துளைகளைப் பாழாக்கும். பழுதைக் கண்டறியக் கம்ப்யூட்டர் கருவி வேண்டும். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி அமலிலிருப்பதால், எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு இல்லாத புது டீசல் வண்டி கிடைப்பது அரிது.

எனவே, நல்ல நிலையிலுள்ள பழைய வண்டியை அவசரப்பட்டு விற்க வேண்டாம். புது வண்டி வைத்திருப்போர் வடிகட்டியில் தேங்கும் நீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால், வெள்ளிமலைக்கு ஏறுமுன் கள்ளக்குறிச்சியிலேயே பழுது பார்த்துக்கொள்வது நலம்.