புழைக்கடைக் கத்தரி

திருவண்ணாமலை போன்ற, கோடையில் கிணறு வற்றும் ஊர்களில் சமையலறை ஜலத்தைச் சாக்கடைக்கு விடுதல் பெருநஷ்டமாம். அதனை வாழைக்கும் அவரைப் பந்தலுக்கும் திருப்புக. சவுக்கார ஜலம் கீரைப் பாத்திக்கு ஆகாது.

ஆடியில் நாற்றங்காலில் விதைத்த கத்தரியை 30 முதல் 35 நாளில், 2 அடி இடைவெளி விட்டு, மாலை வேளையில் நடுதல் உத்தமம். இதற்கு ஜன்ம சத்துரு தண்டு துளைக்கும் புழு. நுனிக்குருத்து வாடித் தொங்கக் கண்டு, ஜலம் போதவில்லையென்று மேலும் பாய்ச்சுவோர் பலர். இது வீண் வேலை. வாடிய நுனியைப் புழுவுடன் கிள்ளி எரித்துவிட வேண்டும். நிலத்தில் எறிந்தாலோ புழு அந்துப்பூச்சியாகி முட்டையிட, அடுத்த தலைமுறை காய்க்குள் புகும். சொத்தைக் காய்களையும் எருக்குழியில் போடலாகாது.

தீபத்தை ஒட்டிய அடைமழையில் ஜலம் தேங்கினால் வேர் அழுகுமாதலால், ஐப்பசிக்கு முன்பே வடிகால் வெட்டுக.